பிச்சி ஜெயித்த பிறகு

போன பொங்கலுக்குத் திண்டுக்கல் வந்தபோது எனக்குப் பதவி உயர்வு கிடைத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. ஆறு வருஷம் அதற்காக உழைத்திருக்கிறேன். மெயில் வந்த அன்று சாயங்காலம் வரை சந்தோஷமாக இருந்தது. ராத்திரி சாப்பிடும்போதே அடுத்த கிரேடுக்கு இன்னும் எத்தனை வருஷம் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. "உங்களுக்கு எது கிடைச்சாலும் இப்படித்தான்" என்றாள் மனைவி. கோபம் வந்தது, பதில்தான் வரவில்லை.

அந்த லீவில் அப்பாவின் பீரோவை ஒழுங்கு செய்தபோது சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' கிடைத்தது. காலேஜில் படித்தபோது அதை வெறும் ஜல்லிக்கட்டுக் கதையாகத்தான் வாசித்திருந்தேன். இந்த முறை ஒரே மத்தியானத்தில் முடித்தேன். முடித்த பிறகு ஒரு கேள்வி மட்டும் விடாமல் உறுத்தியது: ஜெயித்த அன்று ராத்திரி பிச்சி நன்றாகத் தூங்கியிருப்பானா?

வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1959இல் புத்தகமாக வந்த குறுநாவல் இது. உசிலனூர் அம்புலி பேர்பெற்ற மாடுபிடிக்காரர். காரி என்ற காளை குத்தி அவர் இறந்துபோகிறார். மகன் பிச்சி, மருதனைக் கூட்டிக்கொண்டு பெரியபட்டி செல்லாயி ஜல்லிக்கட்டுக்கு வருகிறான். காரி இப்போது ஜமீன்தாரின் காளை, அவருடைய கௌரவத்தின் அடையாளம். வாடிவாசல் பக்கத்தில் நிற்கும் ஒரு கிழவர் இவர்களோடு பேச்சுக் கொடுக்கிறார். கதை நடப்பது ஒரே ஒரு மாலைப் பொழுதில். பிச்சி காரியை அணைந்துவிடுகிறான், தொடையில் குத்துப்பட்டு விழுகிறான். அவமானப்பட்ட காளை ஆற்றுப் பக்கம் ஓடி வெறியாட்டம் ஆடுகிறது. ஜமீன்தார் துப்பாக்கியோடு போய் அதைச் சுட்டுவிடுகிறார்.

இந்த முடிவைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஜமீன்தாரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்: அதிகாரத்தின் ஆணவம், மனிதனுக்குள் இருக்கும் மிருகம் என்று. தப்பில்லை. ஆனால் நாவல் பிச்சியைச் சுற்றியே பின்னப்பட்டது. அவன் நினைத்ததை முடித்த கணத்தில் செல்லப்பா அவனை விட்டு நகர்ந்துவிடுகிறார். கடைசிப் பக்கங்கள் காரிக்கும் ஜமீன்தாருக்கும் உரியவை. ஜெயித்தவனின் மனசுக்குள் என்ன ஓடியது என்று ஆசிரியர் எட்டிப் பார்க்கவில்லை.

முதலில் இதை ஒரு குறை என்றுதான் நினைத்தேன். கிழவர்மேலும் எனக்கு ஒரு புகார் உண்டு. சில இடங்களில் அவர் நமக்காகவே வர்ணனை சொல்லும் ஆள் மாதிரி இருக்கிறார். மறுபடி புரட்டியபோது புரிந்தது, அவரும் கூட்டமும் இல்லாமல் இந்த வெற்றிக்கு அர்த்தமே கிடையாது. கூட்டத்துக்கு அது வேடிக்கை. ஜமீன்தாருக்கு அது தலைக்குனிவு. அம்புலியை அறிந்த கிழவருக்கு அது அப்பன் விட்ட இடத்தை மகன் பிடித்தது. ஒரே பிடி, ஆளுக்கு ஒரு கணக்கு. பிச்சியின் கணக்கில் வரவு வைக்க வேண்டிய ஒரே ஆள் அம்புலி. அவர் இல்லை.

நம்மில் பலருடைய உழைப்பும் இப்படித்தான் இருக்கிறதோ என்று தோன்றுகிறது.

இந்த விஷயத்தைப் பற்றித் தேடினால் உடனே வந்து நிற்பது 1978இல் பிரிக்மன், கோட்ஸ், ஜேனாஃப்-புல்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவில் லாட்டரியில் ஜெயித்த 22 பேரையும் சாதாரணமானவர்கள் 22 பேரையும் ஒப்பிட்டார்கள். விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். லாட்டரிக்காரர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு சந்தோஷமாக இல்லை என்பது பிரபலமான முடிவு. மனசு எதற்கும் பழகிவிடும், அதனால்தான் சாதித்தவர்களுக்கும் திருப்தி இல்லை என்று இதைக் காட்டி எழுதுகிறார்கள். நானும் ஆபீஸ் பிரசன்டேஷன் ஒன்றில் இதைப் போட்டிருக்கிறேன்.

இப்போது யோசித்தால் அது பொருத்தமில்லாத சாட்சி. ஆட்கள் குறைவு. அதே ஆட்களை முன்னும் பின்னும் அளந்து பார்த்த ஆய்வும் இல்லை. அதைவிட முக்கியமாக, லாட்டரி அடித்தவர் உழைத்து ஜெயித்தவர் இல்லை. சும்மா வந்த பணம் பழகிப்போவதும், ஆறு வருஷ உழைப்பு ஒரே ராத்திரியில் காலியாவதும் ஒன்றா? பழகுவதற்குக்கூட நான் அதைக் கொஞ்ச நாள் அனுபவித்திருக்க வேண்டுமே!

இந்த இடத்தில் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் திண்டுக்கல் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். மெஷின் பூட்டுகள் வந்து பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019இல்தான். அதற்குள் அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் எண்ணிக்கை ரொம்பவே குறைந்துவிட்டது. அப்பா ஒரு மாங்காய்ப் பூட்டை எடுத்தால், லீவர் ஒவ்வொன்றையும் அரத்தால் தேய்த்து, சாவி போட்டுத் திருப்பி, மறுபடி கழற்றித் தேய்ப்பார். கடைசியில் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் தலையை லேசாக ஆட்டிவிட்டு அடுத்த பூட்டை எடுப்பார். கூலி குறைச்சல், அதில் அவருக்குத் திருப்தி இருந்ததே இல்லை. முதலாளியைத் திட்டாத நாள் கிடையாது. என்னைப் பட்டறைப் பக்கமே விடாமல் பி.இ. படிக்க வைத்ததற்குக் காரணமும் அதுதான். ஆனால் ஒரு பூட்டு முடிந்ததா இல்லையா என்பதை யாரும் அவருக்கு வந்து சொல்ல வேண்டியிருக்கவில்லை. பூட்டே சொல்லிவிடும்.

என் வேலையிலும் ஆரம்பத்தில் அந்தச் சத்தம் இருந்தது. கோடு ஓடும், அல்லது ஓடாது. பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் எப்போது என்று தெரியாமலே வேறு வேலைக்கு மாறிவிட்டேன்: ரேட்டிங், கிரேடு, பக்கத்து சீட்காரனின் சம்பளம். அதற்கெல்லாம் பின்னால் இன்னொன்றும் இருந்தது. அப்பா அரத்தோடு தேய்ந்ததற்கு நான் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கடன். கடன் கொடுத்தவர் போய் நாலு வருஷம் ஆகிறது. இனி நான் எவ்வளவு கட்டினாலும் ரசீது போட ஆள் இல்லை.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். உழைப்பவர்களுக்குத் திருப்தி வராததைப் பேராசை என்று சொல்லி முடித்துவிடுவது சோம்பேறித்தனமான விளக்கம். 'முடிந்தது' என்று சொல்லும் உரிமையை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு உழைப்பதுதான் சிக்கல். அந்த ஒருவர் மேனேஜராக இருக்கலாம், சொந்தக்காரர்களாக இருக்கலாம், செத்துப்போன அப்பாவாகவும் இருக்கலாம்.

செல்லப்பாவின் வாழ்க்கையே இதற்கு ஒரு மறுபக்கம். இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வத்தலக்குண்டுக்காரர். 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்தார். விற்காது என்று தெரிந்தே விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் இடம் கொடுத்தார். 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைப் 'புதுக்குரல்கள்' என்று தொகுத்தார். புத்தக மூட்டையைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றார். எண்பது வயதைத் தாண்டி 1997இல் 'சுதந்திர தாகம்' நாவலை மூன்று பாகமாக வெளியிட்டார். அடுத்த வருஷம் இறந்துபோனார். அந்த நாவலுக்கு சாகித்ய அகாதெமி விருது வந்தது 2001இல். பிச்சியைப் பார்க்க அம்புலி இல்லை, விருதைப் பார்க்க செல்லப்பா இல்லை.

இதனால் அவர் நிம்மதியாக வாழ்ந்தார் என்று சொல்ல வரவில்லை. அந்தப் பிடிவாதத்தின் செலவில் ஒரு பங்கை வீட்டில் இருந்தவர்களும் கொடுத்திருப்பார்கள். மாதத் தவணை கட்டும் எனக்கு அதை முன்மாதிரியாகச் சொல்லும் தகுதியும் கிடையாது, அப்ரைசல் இல்லாமல் என் வீடு ஓடாது. ஆனால் எது நல்ல கதை, எது நல்ல கவிதை என்ற அளவுகோலை அவர் விற்பனையிடமோ விருதிடமோ ஒப்படைக்கவில்லை. அவர் உழைத்த உழைப்புக்கு அது ஒன்றாவது கையில் இருந்தது.

'வாடிவாசல்' பிச்சியின் மனசுக்குள் எட்டிப் பார்க்காததை இப்போது குறையாக நினைக்கவில்லை. அங்கே பார்க்க எதுவும் இருந்திருக்காதோ என்ற பயம்தான் எனக்கு. காளையைப் பிடிக்கும்வரை அவனுக்கு ஒரு வேலை இருந்தது. பிடித்த பிறகு அப்பா இல்லை, எதிரிக் காளையும் இல்லை.

ஊரிலிருந்து திரும்பும்போது அப்பா செய்த பூட்டு ஒன்றைக் கொண்டுவந்தேன். மேஜைமேல் இருக்கிறது. இந்த மாசம் ஆபீஸில் யாரும் கேட்காத ஒரு பழைய மாட்யூலைத் தினமும் அரை மணி நேரம் சரிசெய்துகொண்டிருக்கிறேன். ரேட்டிங்கில் இது வராது. போன வியாழக்கிழமை டெஸ்ட் எல்லாம் பச்சையாக வந்தது. யாரிடமும் சொல்லாமல் லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். அன்று ராத்திரி எந்தக் கணக்கும் போடவில்லை. மறுநாள் மறுபடி போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.