பெயரை மறைப்பவர்களும் போன் நம்பரைப் பாஸ்வேர்டாக வைப்பவர்களும்

வீட்டு வைஃபையைப் பத்திரப்படுத்த வேண்டும் என்று ரவுட்டர் அமைப்புக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வேலைகளை மெனக்கெட்டுச் செய்கிறார்கள். ஒன்று, நெட்வொர்க்கின் பெயர் யார் கண்ணிலும் படாமல் மறைப்பது. இன்னொன்று, வீட்டுக் கருவிகளின் அடையாள எண்களான மேக் முகவரிகளைப் பட்டியலிட்டு மற்றவற்றைத் தடுப்பது. அதன்பின் களைத்துப்போய்ப் பாஸ்வேர்டுக்குத் தங்கள் செல்போன் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். பாதுகாப்பு முழுவதும் எந்த ஒன்றில் இருக்கிறதோ, அதற்குத்தான் இந்த அலட்சியம்.

பெயரை மறைத்தால் ரவுட்டர் அதை அறிவிக்காது, அவ்வளவுதான். இணைய வரும் கருவி அந்தப் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். அது எந்தக் குறியாக்கமும் இல்லாமல் காற்றில் போகிறது. போதாக்குறைக்கு, மறைத்த நெட்வொர்க்கைத் தேடும் லேப்டாப் பேருந்து நிலையத்திலும் டீக்கடையிலும் அதே பெயரைக் கேட்டுக்கொண்டே திரியும். மேக் முகவரியும் திறந்த ரகசியம்தான். ஒட்டுக்கேட்பவர் அதைப் படித்து, லினக்ஸில் ஓரிரு கட்டளையில் தன் வயர்லெஸ் கார்டுக்குச் சூட்டிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் இயல்பாகவே புனைமுகவரி காட்டுவதால், இந்தப் பட்டியல் திருடனை விட்டுவிட்டு மருமகனின் போனைத்தான் தடுக்கிறது. பாஸ்வேர்டு தெரிந்த பக்கத்து வீட்டுப் பையனைச் சில நாள் தள்ளிவைக்கலாம். அந்தப் பயனை மறுக்கவில்லை.

குறியாக்கத்தின் கதை வேறு. 1997இல் வந்த டபிள்யூஇபி முறையில் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் மாறவேண்டிய எண்ணுக்கு 24 பிட் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். அது சீக்கிரமே திரும்பத் திரும்ப வந்தது. 2001இல் ஃப்ளூரர், மான்டின், ஷமிர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் டபிள்யூஇபியை உடைக்கும் வழியைக் காட்டினர். 2007க்குள் அந்த வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. பழைய கார்டுகளை வீசாமல் சமாளிக்கப் பிறந்த ஒட்டுவேலை டிகேஐபி. 2004இல் ஏஇஎஸ் குறியாக்கத்தோடு வந்த டபிள்யூபிஏ2தான் உருப்படியானது. ஆனாலும் பல ரவுட்டர்களின் மெனுவில் டிகேஐபி இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதை மட்டும் தேர்ந்தெடுத்தால் பாதுகாப்போடு வேகமும் போகும். இணைப்பு 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

டபிள்யூபிஏ2வில் பாஸ்வேர்டு காற்றில் போவதே இல்லை. ஆனால் கருவி இணையும்போது நடக்கும் நான்கு செய்திப் பரிமாற்றத்தைப் பதிவு செய்துகொண்டவர், வீட்டுக்குப் போய் நிதானமாக ஊகித்துப் பார்க்கலாம். நெட்வொர்க் பெயரையும் பாஸ்வேர்டையும் சேர்த்து 4096 சுற்று அரைத்துத்தான் சாவி உருவாகிறது. ஆகவே பெயரை மறைப்பதில் இல்லாத பயன், நிறுவனம் வைத்த பெயரை மாற்றுவதில் உண்டு: பொதுவான பெயர்களுக்கு முன்கூட்டியே கணக்கிட்ட பட்டியல்கள் உதவாமல் போகும். போன் நம்பருக்கு வருவோம். இந்தியச் செல்போன் எண்கள் 6 முதல் 9 வரையிலான இலக்கத்தில் தொடங்குபவை. மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். இன்றைய உயர்ரகக் கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சோதிக்கும். ஒன்றேகால் மணி நேரம் தாங்காது.

பாஸ்வேர்டைத் தட்டாமல் பின் எண் கொண்டு கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதி இதைவிட மோசம். அதன் எட்டு இலக்கப் பின்னை இரண்டு துண்டாகச் சரிபார்ப்பதால் 11,000 முயற்சிகளே போதும் என்று 2011லேயே அம்பலமானது.

2018இல் வந்த டபிள்யூபிஏ3, ஒவ்வொரு ஊகத்தையும் ரவுட்டரிடமே நேரில் கேட்க வைத்து, வீட்டில் உட்கார்ந்து உடைக்கும் வழியை அடைத்தது. அடுத்த ஆண்டே அதிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தப்பட்டன. பழைய கார்டுகளுக்காக டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் கலந்து வைத்தால், பழைய முறையில் இணையும் கருவி வழியாகப் பழைய பலவீனமும் கூடவே வரும்.

உங்கள் கருவிகள் எல்லாம் ஏற்றால் டபிள்யூபிஏ3, இல்லையென்றால் ஏஇஎஸ் உள்ள டபிள்யூபிஏ2. டபிள்யூபிஎஸ்ஸை அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டில் 63 எழுத்துவரை இடமிருக்கிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்தாறு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து வையுங்கள். சினிமாப் பாட்டு வரி மட்டும் வேண்டாம்.