இரண்டு கிலோ லென்ஸை எதில் தொங்கவிடுவது?

"பெரிய லென்ஸை மாட்டியே வைக்காதீங்க சார், மவுண்ட் போயிடும்." 150-600 மி.மீ. லென்ஸ் வாங்கின அன்னிக்கு கடைக்காரர் சொன்னது. அந்த வாரம் பார்த்த யூட்யூப் வீடியோக்களில் பாதி இதையே சொல்லின. மீதிப் பாதி, கழற்றிக் கழற்றி மாட்டினால் சென்சாரில் தூசு விழும், மாட்டியே வையுங்கள் என்றன. இரண்டு கட்சியும் தப்பான கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பது என் இன்றைய கருத்து. மாட்டியிருக்கும்போது எடையை எது தாங்குகிறது? அதை யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்க வைத்தது ஒரு பறவை. ஒரு ஜனவரி காலை, கோடியக்கரைப் பக்கம் உப்பளத்து ஓரம். கரையோரப் பறவைகள் கூட்டமாக நின்றிருந்தன. நடுவில் நின்ற ஒன்றின் மேல் ஃபோகஸ் வைத்து நாற்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால், கூட்டத்தின் இடது ஓரத்தில் நின்ற ஒன்றின் காலில் குறியீட்டுக் கொடி! பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் போட்டு வருகிறது. மற்ற நாடுகளிலும் போடுகிறார்கள். கொடியில் உள்ள எழுத்துகளைப் படித்து அனுப்பினால் அந்தப் பறவை எங்கே, எப்போது பிடித்து விடப்பட்டது என்று தெரிந்துவிடும். என்னைப் போன்ற பொழுதுபோக்கு ஆராய்ச்சிக்காரனுக்கு இது லாட்டரி மாதிரி. ஆனால் நாற்பது படத்திலும் இடது ஓரம் கரைந்திருந்தது. முதல் எழுத்து 'ஹெச்'சா 'என்'னா என்றே தெரியவில்லை.

முதலில் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். பிறகு ஒரு செங்கல் சுவருக்கு நேராக முக்காலியைப் போட்டு எடுத்துப் பார்த்தேன். இடது ஓரத்தில் ஃபோகஸ் வைத்தால் வலது மங்கல், வலதில் வைத்தால் இடது மங்கல். லென்ஸ் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பழுது பார்த்தவர் கேமரா பாடியின் மவுண்ட் வளையத்தைப் பிடிக்கும் ஸ்க்ரூக்கள் தளர்ந்திருப்பதாகச் சொன்னார். "எங்கயாவது கீழே போட்டீங்களா?" போடவே இல்லை. ஆனால் ரெண்டு வருஷம் பைக்கில், பையில், தோளில் சுமந்திருக்கிறேன்.

சரி, பள்ளிக்கூட இயற்பியல்தான், கணக்குப் போடுவோம். லென்ஸ் சுமார் 2 கிலோ. அதன் எடை மையம் மவுண்டிலிருந்து 12 செ.மீ. முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேமரா பாடியை மட்டும் பிடித்து லென்ஸைக் கிடைமட்டமாக நீட்டினால் மவுண்டில் வரும் திருப்புவிசை சுமார் 2.4 நியூட்டன்-மீட்டர். இப்போது தலைகீழாக்குங்கள். லென்ஸைப் பிடித்துக்கொண்டு, 700 கிராம் பாடியை அதில் தொங்கவிடுங்கள். பாடியின் எடை மையம் மவுண்டுக்குப் பின்னால் ஒரு 3 செ.மீ. திருப்புவிசை 0.2 தான். அதே கேமரா, அதே லென்ஸ், அதே மவுண்ட். பிடிக்கும் இடம் மாறினால் சுமை பன்னிரண்டில் ஒரு பங்கு! இது அசையாமல் இருக்கும்போது. ஸ்பீட் பிரேக்கரில் பைக் குதிக்கும்போது இரண்டுமே சில மடங்கு ஏறும்.

கேமரா கம்பெனிகளுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். லென்ஸோடு கேமராவைத் தூக்கும்போது இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள் என்று சோனி லென்ஸ்களோடு வரும் காகிதத்திலேயே இருக்கிறது. பல லட்சம் விலையுள்ள 400, 600 மி.மீ. பிரைம் லென்ஸ்களில் பட்டை கோர்க்கும் வளையம் லென்ஸிலேயே வைத்திருக்கிறார்கள். ஆனால் நம்மைப் போன்றவர்கள் வாங்கும் கேமரா டப்பாவில் வருவது கழுத்துப் பட்டை. அது கோர்க்கப்படுவது பாடியின் இரண்டு தோள்களில். கேனானின் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸ் 160 கிராம், நிக்கானின் 200-500 மி.மீ. 2,300 கிராம். 160 கிராமுக்கு அந்தப் பட்டை சரி. 2,300 கிராமுக்கும் அதே மாதிரிப் பட்டைதான். எச்சரிக்கையைக் காகிதத்தில் பொடி எழுத்தில் அச்சடித்துவிட்டு, எதிரானதைப் பொருளாகக் கையில் கொடுப்பதை என்னவென்று சொல்வது? மென்பொருளில் இப்படி ஒரு டீஃபால்ட் வைத்தால் ரிவ்யூவில் கிழித்துவிடுவார்கள்.

லென்ஸின் அடியில் இருக்கும் கால் முக்காலிக்காக மட்டும்தான் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அதுதான் கைப்பிடி. ஸ்லிங் பட்டையையும் அதில்தான் மாட்ட வேண்டும். ஆனால் அந்தப் பட்டைகள் மேலும் எனக்குப் புகார் உண்டு. பலவற்றில் மொத்த எடையும் ஒரே ஒரு கால் அங்குல ஸ்க்ரூவில் தொங்குகிறது. நடக்க நடக்க அது ஆடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். கூடவே ஒரு பாதுகாப்புக் கயிறு பாடியின் வளையத்துக்குப் போக வேண்டும். அது இல்லாத பட்டையை இனாமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

பைகள் இன்னும் மோசம். முதுகுப் பையில் பாடி மேலே, லென்ஸ் கீழே என்று வைப்பது வழக்கம். பாடி இரண்டு பக்கத் தடுப்புகள் மேல் உட்கார, லென்ஸ் நடுக்குழியில் அந்தரத்தில் தொங்குகிறது. நிமிர்ந்து நடக்கும்போது நேர்க்கீழ் இழுப்புதான், அது பரவாயில்லை. பையைப் படுக்கவைத்து காரின் பின்னால் போட்டால் நம்ம 2.4 கணக்கு வந்துவிடும். நான் இப்போது ஒரு பழைய துண்டை மடித்து லென்ஸுக்கு அடியிலும் பக்கத்திலும் திணிக்கிறேன். லென்ஸ் உட்கார வேண்டும், பாடி அதன் மேல் சும்மா இருக்க வேண்டும். மேடு பள்ளமான நீண்ட பைக் பயணம் என்றால் மட்டும் கழற்றிவிடுகிறேன். அங்கே கடைக்காரர் சொன்னது சரி.

வீட்டில் வைப்பது? லென்ஸைக் காலோடு படுக்கவைத்து பாடியைச் சும்மா விட்டால் மாதக்கணக்கில் மாட்டியே வைக்கலாம். 0.2 நியூட்டன்-மீட்டரில் உலோக மவுண்டுக்கு ஒன்றும் ஆகாது. சென்னையில் லென்ஸைக் கொல்வது மவுண்ட் அல்ல, பூஞ்சை. மூடிய பையிலேயே மழைக்காலம் முழுக்கக் கிடந்தால், மாட்டியிருந்தாலும் கழற்றியிருந்தாலும் கண்ணாடிக்குள் வலை பின்னும். ஈரப்பதம் 40-50 சதவீதத்தில் நிற்கும் டிரை கேபினெட் வேண்டும், இல்லையென்றால் சிலிக்கா ஜெல் போட்ட, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா. என் கேபினெட் சின்னது, மாட்டிய நிலையில் கதவு சாத்தவில்லை. அதனால் நானும் கழற்றித்தான் வைக்கிறேன், இரண்டு பக்கமும் மூடி போட்டு. 'மவுண்ட் போயிடும்' என்கிறவர்களில் பலர் வீட்டிலும் உண்மைக் காரணம் இந்த அலமாரியின் அளவாகத்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மவுண்ட் வளையத்தை இறுக்கிச் சரிபார்த்தாயிற்று. செங்கல் சுவர் இப்போது இரண்டு ஓரமும் கூர்மை. கோடியக்கரைக்கு அடுத்த ஜனவரியும் போனேன், கூட்டம் இருந்தது, கொடி கட்டிய கால் ஒன்றும் கண்ணில் படவில்லை.