மாத்யூவும் தங்கனும் குடிக்கும் டீ

கொழிஞ்சாம்பாறையில் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, ஐபிஸ் பெயின்ட் செயலியில் விரலாலேயே வரைந்த படம் அது. மழை விட்ட சாயங்காலம். டீக்கடை பெஞ்சில் நடுவயதைத் தாண்டிய இரண்டு ஆண்கள். ஒருவர் வெள்ளை வேட்டி சட்டையில், மற்றவர் கசங்கிய கட்டம் போட்ட சட்டையில். நடுவே மடக்கி வைத்த கறுப்புக் குடை; அதிலிருந்து வடிந்த நீர் பலகையின் விளிம்புவரை ஓடியிருக்கிறது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. கையில் டீ கிளாஸோடு சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர்கள் ‘காதல் – தி கோர்’ படத்தின் மாத்யூவும் தங்கனும். ஜியோ பேபி இயக்கத்தில் மம்மூட்டியும் சுதி கோழிக்கோடும் நடித்து, 2023 நவம்பரில் வந்த மலையாளப் படம். கதை நடக்கும் தீக்கோயி, ஈராற்றுப்பேட்டையிலிருந்து வாகமண் ஏறும் வழியில், இடுக்கி எல்லையை ஒட்டிய ஊர். ஒருபாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு தர உச்ச நீதிமன்றம் மறுத்த அடுத்த மாதமே படம் வெளியானது. தங்கனோடுள்ள உறவைக் காட்டி மாத்யூவின் மனைவி ஓமனா விவாகரத்து கேட்கிறாள். அதைச் சுற்றித்தான் கதை. மாத்யூவும் தங்கனும் சேர்ந்திருக்கும் நேரம் மிகக் குறைவு. படம் அவர்களைக் கண்ணியமாகப் பார்க்கிறது, ஆனால் எட்ட நின்றே பார்க்கிறது. அந்தப் பெண் இரண்டடி கிட்டே போயிருக்கிறாள்.

ரசிகர் ஓவியத்தின் பெரிய பலமாக நான் நினைப்பது இதைத்தான். தன்பால் ஈர்ப்பு கொண்டவர்களைத் திரையில் கோர்ட்டிலும் கண்ணீரிலும்தான் அதிகம் பார்க்கிறோம். அவர்கள் டீ குடிப்பதை யாராவது வரைந்து காட்ட வேண்டியிருக்கிறது.

‘கதாபாத்திரத்தை மாற்ற இவர்கள் யார்?’ என்ற கேள்வி உடனே வரும். பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடங்களில் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இருக்காது. கம்பராமாயணப் பாட்டை எடுத்துக்கொண்டு புலவர்கள் இரவெல்லாம் விரித்துப் பேசுகிறார்கள். பாட்டு கம்பனுடையது, விரிவு புலவருடையது. எவ்வளவு தூரம் போனாலும் பாட்டுக்குத் திரும்பி வர வேண்டும். கதாபாத்திரங்களை ஜோடி சேர்க்கும் ரசிகர் ஓவியங்களையும் இந்த அளவுகோலால் அளக்கலாம் என்பது என் கட்சி.

அப்படி அளந்தால் பல ஓவியங்கள் தோற்கின்றன. 2022இல் வந்த ‘ஆர்ஆர்ஆர்’ உலகமெங்கும் ஓடியபோது ராமும் பீமும் காதலர்களாக வரையப்பட்டார்கள். தோளில் தூக்கிக்கொண்டு சண்டை போடும் காட்சியைக் காதலாகப் படிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பல ஓவியங்களில் பீம் சிறுத்துப்போகிறான், வெட்கப்படுகிறான், ராமின் மார்பில் சாய்கிறான். புலியை எதிர்கொண்ட கோண்டு இளைஞன் எங்கே போனான்? ஆண்களுக்கிடையிலான காதலைச் சொல்லும் ஜப்பானிய ‘யாவோய்’ காமிக்ஸில் ஜோடிக்குள் ஒருவன் முன்கை எடுக்கும் ‘செமே’, மற்றவன் ஏற்கும் ‘உகே’ என்று முன்னரே பங்கு பிரித்துவிடுவார்கள். அந்த அச்சு இங்கே அப்படியே இறங்கியிருக்கிறது. ‘இதில் பொம்பளை யார்?’ என்று கேட்கும் அதே ஊர்ப்புத்தி, தூரிகை பிடித்துக்கொண்டு வருகிறது. பழங்குடி ஆண் எப்போதும் வெகுளி என்ற பழைய எண்ணமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது.

இன்னொன்று சீதை. ராமுக்காகக் காத்திருப்பவள் அவள். ராமையும் பீமையும் சேர்ப்பதற்காக அவளை அழித்துவிடுகிறார்கள். ஒருவன் பெண்ணையும் நேசித்து ஆணையும் நேசிக்கலாம் என்ற இருபால் ஈர்ப்பு இவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. மூவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்கும் ஓவியர்களும் இருக்கிறார்கள். கதைக்கு விசுவாசமானவர்கள் அவர்கள்தான்.

‘பொன்னியின் செல்வன்’ படம் வந்த பிறகு குந்தவையையும் நந்தினியையும் ஜோடி சேர்த்த ஓவியங்களில் வேறொரு இழப்பு. இருவரும் கண்ணோடு கண் பார்த்து நிற்கும் அந்தச் சந்திப்பில் ஈர்ப்பைக் காண்பது நல்ல கண்தான். ஆனால் அரண்மனையிலிருந்து விலக்கப்பட்ட நந்தினியின் ஆறாத கோபம், வெறும் ஊடலாகிவிடுகிறது. அரசகுமாரி குந்தவைக்கும் அவளுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தை நகைகளால் மூடிவிடுகிறார்கள்.

இந்த ஜோடி சேர்ப்பில் எனக்கு மனசு ஒப்பாத இடம் ஒன்று உண்டு. கொழிஞ்சாம்பாறைச் சந்தையிலும் குமுளி பஸ் ஸ்டாண்டிலும் ஆண்கள் விரல் கோத்து நடப்பார்கள். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தொடுதலுக்கும் பெயர் வைக்கத் தொடங்கினால் பையன்கள் கையை எடுத்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அதே சமயம், ‘அது வெறும் நட்பு’ என்ற போர்வைக்குள் எத்தனை பேரை மூச்சுமுட்ட வைத்திருக்கிறோம் என்பதும் தெரியும். இரண்டில் எது பெரிய கேடு என்று கேட்டால், இரண்டாவதைத்தான் சொல்வேன். மனிதர்கள் அதில் ஆயுளையே தொலைத்திருக்கிறார்கள்.

டீக்கடைப் படத்தை மறுபடி பார்த்தேன். தொப்பை, நரை, தளர்ந்த தோள் எதையும் வரைந்தவள் மறைக்கவில்லை. இருவரில் யாரையும் மென்மையாக்கவில்லை. ஓமனா மட்டும் இல்லை. அதைச் சொன்னதும் அந்தப் பெண் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “அவளைத் தனியா ஒரு படமா போடணும்னு நெனச்சேன் அக்கா. இப்போ இதுலயே வரணும்னு தோணுது” என்றாள். பெஞ்சின் அந்தக் கோடியில் இன்னும் இடம் இருக்கிறது. ஓமனா உட்கார்ந்திருப்பாளா, கிளம்பிப் போகிறவளாக நிற்பாளா என்றுதான் முடிவாகவில்லை.