துரியோதனன் நம்ம ஆளுதான்

கூடப் படித்தவன் தெருக்கூத்தில் வேஷம் கட்டுகிறான் என்றால், துரியோதனனைப் பார்க்க யார் போகிறார்கள்? பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் நம்ம ஆளைப் பார்க்கத்தான் போகிறோம். போன வருஷம் நானும் அப்படித்தான் போனேன். செய்யாறு பக்கம் ஒரு திரௌபதி அம்மன் கோயில் திருவிழா, பதினெட்டாம் போர்க் கூத்து.

பத்து மணிக் கூத்துக்கு எட்டு மணிக்கே போய்விடுங்கள். வேஷம் கட்டும் இடத்தில் ஓரமாக உட்காருங்கள். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவனே அரிதாரம் பூசுவான். பிறகு கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்த புஜக்கட்டை, மார்பட்டை, கிரீடம். இதில் எந்த இடத்தில் நம்ம ஆள் காணாமல் போகிறான் என்று பாருங்கள். எனக்கு, மீசை வரைந்ததுமே போய்விட்டான். பேச்சு மட்டும் கொடுக்காதீர்கள். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்.

கூத்தில் முன்வரிசை வேண்டாம். கண்ணில் பட்டுத் தொலைப்பீர்கள். பின்பாட்டுக்காரர்கள் பக்கமாக உட்கார்ந்தால் முகவீணையும் மத்தளமும் அவன் காலை எப்படி இழுக்கின்றன என்பது தெரியும். இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். முதலில் சலங்கை, அப்புறம் குரல். டீக்கடையில் கேட்ட குரல் இல்லை அது. மைக் வருவதற்கு முந்தைய காலத்து உச்ச சுருதி. திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் ஆடும். இந்த நேரத்தில் விசிலடிக்கும் சிநேகிதனை மன்னிக்கவே கூடாது.

கட்டியங்காரன் வந்து ராஜாவிடம் யார், எவர் என்று விசாரிப்பான். அவனுக்கு ஊர்க்கதை பேசவும் உரிமை உண்டு. அன்றைக்கு, "மகாராஜா, எங்க கழனி மோட்டாரு மூணு நாளா ஓடலியே!" என்றான். கூட்டம் உருண்டு சிரித்தது. நம்ம ஆள் முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை. ராஜா முறைக்கிற முறைப்பு.

மூன்று மணிக்குப் பாய்களில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். ஆட்டக்காரனின் சரக்கு தெரிவது அப்போதுதான். தூங்குகிறவர்களுக்கும் சேர்த்து ஆடுகிறானா, ஒப்பேற்றுகிறானா? டீ குடித்தாவது விழித்திருங்கள்.

விடிந்தபின் படுகளம். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடக்க, அதைச் சுற்றிப் பீமன் நம்ம ஆளை விரட்டுவான். ராத்திரி முழுக்க வெளிச்சமும் நிழலும் மறைத்ததையெல்லாம் வெயில் காட்டிக்கொடுத்துவிடும். வேர்வையில் சாயம் கரைந்து, கன்னத்தில் நம்ம ஆளின் தழும்பு தெரிந்தது. ஆனாலும் தொடையில் அடி விழுந்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது, இரண்டு பேருக்காகவும்.

அப்புறம் தேங்காய் எண்ணெய் தடவி முகத்தைத் துடைத்துக்கொண்டிருப்பான். "சூப்பர்டா" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போகாதீர்கள். பார்த்ததில் ஒன்றைச் சொல்லுங்கள். "மோட்டார்னு சொன்னப்போ எப்படிடா சிரிக்காம நின்னே?" என்று கேட்டேன்.

எண்ணெய்க் கையோடு நிமிர்ந்தான். "எந்த மோட்டாரு?"