கார்பின்ஸ் கோவ் சாலை

சென்னை மாநகரத்து அரை மராத்தானில், ஆயிரக்கணக்கானோர் நடுவே, மார்பில் ஊக்குக் குத்திய எண் சீட்டு வியர்வையில் நனைந்து சுருள ஓடுவது ஒரு வைபவந்தான். ஆயினும் அந்த 21.0975 கிலோமீட்டருக்கு வேண்டிய சாதகத்தைச் செய்வதற்கு, தீவு நகரமான போர்ட் பிளேரிலிருந்து (2024-இல் ஸ்ரீ விஜய புரம் என்று நாமகரணம் ஆயிற்று, நாக்குக்குப் பழையதே பழக்கம்) கார்பின்ஸ் கோவ் செல்லும் கடற்சாலைக்கு ஈடில்லை என்பது என் அபிப்பிராயம்.

82½ பாகை தீர்க்கரேகைக்கு வகுத்த இந்திய நேரத்தையே, அதற்குப் பத்துப் பாகை கிழக்கே கிடக்கும் இத்தீவும் அனுசரிப்பதால், ஜூன் மாதத்தில் மணி ஐந்தாகுமுன்பே சூரியோதயமாகிவிடுகிறது. வெயிலை முந்த விரும்புகிறவர் நாலு மணிக்கே காலணி நாடாவை முடிந்தாக வேண்டும்.

போகும்போது இடப்புறம் சமுத்திரம். வழியோரத்தில், 1942 முதல் 1945 வரை இத்தீவை ஆண்ட ஜப்பானியர் விட்டுச்சென்ற காங்கிரீட் பதுங்கறைகள், துப்பாக்கித் துவாரங்கள் அலையை நோக்கியபடியே குந்தியிருக்கின்றன. ஈரக்காற்றில் வியர்வை உலர்வதில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், மூச்சு கனக்கும், வேகம் தானே குறையும். நேரக் கணக்கில் மோகங்கொண்டவர்களுக்கு இச்சாலை ரசிக்காது. அவர்கள் ஜனவரிச் சென்னைக்கே போகட்டும்.