பத்திரிகை மீது முறையிடுவது: ஹட்டனிலும் கூடலூரிலும்

1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் மலையகக் குடும்பங்களை நடுவே பிரித்தது. அண்ணன் பொகவந்தலாவையில் நின்றார். தம்பி கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போனார். தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், இன்று டான்டீ என்று அறியப்படும் தோட்டங்களில், அந்தத் தம்பி மறுபடியும் கொழுந்துதான் பறித்தார். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இப்போது வளர்ந்துவிட்டார்கள். பேச்சும் கோயில் திருவிழாவும் லயத்து வாழ்க்கையின் சங்கடங்களும் இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே. அரசும் சட்டமும்தான் வேறு. இந்த இரு வீடுகளில் ஒன்றைப் பற்றி ஒரு பத்திரிகை தவறான செய்தி போட்டுவிட்டால், அல்லது போடக்கூடாததைப் போட்டுவிட்டால், அந்த வீட்டார் யாரிடம் போய் முறையிடுவார்கள்? இரண்டு நாடுகளும் இதற்கு இரண்டு விதமாக வழி வைத்திருக்கின்றன.

இலங்கையின் வழி ஓர் ஒப்பந்தம் போல உருவானது. பத்திரிகையாளரைச் சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றவியல் அவதூறுச் சட்டத்தை நீக்குங்கள், எங்கள் தவறுகளை நாங்களே விசாரித்துத் திருத்திக்கொள்கிறோம் என்று பத்திரிகைத் துறை கேட்டது. ஊடக சுதந்திரமும் சமூகப் பொறுப்பும் பற்றிய 1998ஆம் ஆண்டின் கொழும்புப் பிரகடனத்தின் சாரம் இதுதான். 2002இல் பாராளுமன்றம் அந்தப் பிரிவுகளைத் தண்டனைச் சட்டக் கோவையிலிருந்து எடுத்தது. துறையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. 2003 ஒக்டோபரில், பத்திரிகை உரிமையாளர்களும் ஆசிரியர்களும் சுதந்திர ஊடக இயக்கமும் சேர்ந்து இலங்கை பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவைத் தொடங்கினார்கள். அதன் பிணக்குத் தீர்க்கும் சபையில் பதினொரு பேர். பத்திரிகைத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களே பெரும்பான்மை. தொடக்க ஆண்டுகளில் அதற்குத் தலைமை தாங்கிய சாம் விஜேசிங்க, பாராளுமன்றச் செயலாளர் நாயகமாகவும் பின்னர் ஒம்புட்ஸ்மனாகவும் இருந்தவர். தெற்காசியாவில் பத்திரிகைத் துறை தன் விருப்பத்தின்பேரில் இப்படியொரு கட்டுப்பாட்டுக்குள் வந்தது சிறிய விஷயமல்ல. இலங்கை பெருமைப்பட வேண்டிய காரியம் அது என்றே நான் நினைக்கிறேன்.

முறையிட ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. சிங்களத்திலோ தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதலாம். எந்தப் பத்திரிகை, எந்தத் திகதி, எந்தப் பக்கம், எது தவறு, என்ன பரிகாரம் வேண்டும் என்று சொன்னால் போதும். ஆணைக்குழு முதலில் ஆசிரியரோடு பேசும். பெரும்பாலும் திருத்தமோ மறுப்போ வெளியிடச் செய்து அந்த இடத்திலேயே முடித்துவைக்கப் பார்க்கும். முடியாவிட்டால் விடயம் சபைக்குப் போகும். அங்கே அளவுகோல், ஆசிரியர்கள் தாங்களே ஏற்றுக்கொண்ட தொழில்சார் ஒழுக்கக் கோவை. அபராதம் கிடையாது, சிறை கிடையாது. தோட்டத்து மக்களுக்கு இந்த முறை புதிதல்ல. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த மத்தியஸ்த சபைகளில் வேலித் தகராறையும் கடன் தகராறையும் கொண்டுபோய்ப் பேசித் தீர்த்துக்கொண்டவர்கள் ஹட்டன் பக்கமும் தலவாக்கலைப் பக்கமும் நிறையப் பேர். பத்திரிகைக்கும் அப்படியொரு சபை இருக்கிறது என்ற செய்திதான் அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

இந்தியா வேறு பக்கத்திலிருந்து வந்தது. நீதிபதி ராஜாத்யக்ஷ தலைமையிலான முதலாவது பத்திரிகை ஆணையம் 1954இல் பரிந்துரைத்தது. பாராளுமன்றம் 1965இல் சட்டம் இயற்றியது. 1966இல் பிரஸ் கவுன்சில் உருவானது. நெருக்கடி நிலைக் காலத்தில் அதை ஒரேயடியாகக் கலைத்தார்கள். 1978இல் புதிய சட்டம் போட்டு மறுபடியும் அமைத்தார்கள். தலைவரோடு 28 உறுப்பினர்கள். அதில் 20 பேர் பத்திரிகைத் துறையினர், ஐந்து பேர் பாராளுமன்ற உறுப்பினர்கள். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களை வரவழைக்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. ஆனால் விசாரணை முடிந்து குற்றம் தெரிந்த பிறகு செய்யக்கூடியது எச்சரிப்பதும் கண்டிப்பதும் மட்டுமே. சட்டத்தால் பிறந்த கவுன்சிலின் தீர்ப்பும் தானாகப் பிறந்த ஆணைக்குழுவின் தீர்ப்பும் கடைசியில் ஒரே பலத்தோடுதான் வந்து நிற்கின்றன. ஆசிரியர் மதித்தால் உண்டு, மதிக்காவிட்டால் இல்லை.

அப்படியானால் எது மேல்? என் கணிப்பில், நீதிமன்ற அச்சுறுத்தலை எடுத்துவிட்டுச் சபையைக் கட்டியதில் இலங்கை இந்தியாவைவிடச் சரியான வரிசையில் நடந்தது. இந்தியாவில் பிரஸ் கவுன்சிலும் இருக்கிறது, குற்றவியல் அவதூறும் இருக்கிறது. 2016இல் சுப்பிரமணியன் சுவாமி வழக்கில் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது தொடர்கிறது. தமிழ்நாட்டில் இதன் சுமையை ஊடகங்கள் நன்றாகவே அனுபவித்தன. ஐந்தாண்டுகளில் மாநில அரசு இருநூறுக்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் போட்டிருந்ததாக அதே 2016இல் உச்சநீதிமன்றத்தில் பட்டியல் தாக்கலானது. 2020 மே மாதத்தில்தான் சென்னை உயர்நீதிமன்றம் ஊடகங்கள் மீதான அத்தகைய வழக்குகளில் ஒரு தொகுதியை ரத்துச் செய்தது. அதிகாரத்தில் இருப்பவருக்கு வழக்கு என்ற வழி திறந்திருக்கும்போது, அவர் பிரஸ் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதப் போவதில்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவரே கவுன்சிலை நம்பி நிற்கிறார்.

அந்தப் பணமில்லாதவர் கூடலூரிலிருந்து போகும் பாதையைப் பார்த்தால், முதலில் ஆசிரியருக்கு எழுத வேண்டும். அந்தக் கடிதத்தின் பிரதியும் செய்தி நறுக்கும் வேண்டும். இதே விடயம் எந்த நீதிமன்றத்திலும் நிலுவையில் இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும். நாளிதழ், வார இதழ் என்றால் இரண்டு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். செய்தி தமிழில் இருந்தால் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்க்க வேண்டும். கொழுந்துக் கூடையைச் சுமந்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஒருவர் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு எங்கே போவார்? இந்த ஒரு விடயத்திலாவது பொகவந்தலாவை அண்ணனின் பிள்ளைகளுக்கு நிலைமை மேல். அவர்கள் தமிழிலேயே எழுதலாம்.

இலங்கையைப் புகழ்வதோடு நின்றுவிட முடியாது. 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பத்திரிகைப் பேரவைச் சட்டம் இன்னும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. அமைச்சரவை விவகாரங்களை வெளியிடுவதைக்கூடக் குற்றமாக்கும் சட்டம் அது. அதன்கீழ் அமையும் பேரவையின் உறுப்பினர்களை ஜனாதிபதி நியமிப்பார். அரச தகவல் பணிப்பாளர் பதவி வழி உறுப்பினர். 2002க்குப் பிறகு சில ஆண்டுகள் அந்தப் பேரவை உறங்கிக் கிடந்தது. 2009இல், யுத்தம் முடிந்த கையோடு, அதை மறுபடி எழுப்பினார்கள். சுய கட்டுப்பாட்டை நம்புகிறோம் என்று சொல்லிக்கொண்டே பழைய வாளை அலமாரியில் வைத்திருப்பது, ஆணைக்குழுவை நம்பி வந்த ஆசிரியர்களுக்குச் செய்யும் அநீதி. அந்தச் சட்டத்தை நீக்கும்படி பத்திரிகை அமைப்புகள் பல வருடங்களாகக் கேட்டுவருகின்றன. எந்த அரசும் இன்னும் மனம் வைக்கவில்லை.

இனி, மலையகத்தைச் சுட்ட ஒரு செய்திக்கு வருவோம். 2021 ஜூலையில், நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றிலிருந்து கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் வீட்டுக்கு வேலைக்குப் போன 16 வயதுச் சிறுமி, கடுமையான தீக்காயங்களோடு வைத்தியசாலையில் இறந்தாள். அந்தப் பிள்ளையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. நாட்டின் மூன்று மொழி ஊடகங்களும் அன்று எழுதின. பெயர் வந்தது, படம் வந்தது, தாயின் அழுகை வந்தது. மரண பரிசோதனையில் பாலியல் துஷ்பிரயோகம் பற்றிச் சொல்லப்பட்டதும் வந்தது. புதைத்த உடலைத் தோண்டி எடுத்து இரண்டாம் பரிசோதனைக்கு அனுப்பிய நாளில் மயானத்திலும் கமெராக்கள் நின்றன. செய்தி வெளிவந்ததால்தான் மலையகமெங்கும் மக்கள் வீதிக்கு வந்தார்கள், வீட்டு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் தரகர்கள் பற்றி நாடே பேசியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பாலியல் கொடுமைக்கு ஆளானவரை அடையாளம் காட்டக்கூடாது, துயரத்தில் இருக்கும் குடும்பத்தை அணுகும்போது நிதானம் வேண்டும் என்று சொல்லும் ஒழுக்கக் கோவையும் அதே ஆசிரியர்களுடையதுதான்.

இதே போன்ற இடத்தில் இந்தியாவில் என்ன நடந்தது என்பது கவனிக்கத்தக்கது. 2018இல் ஜம்முவின் கத்துவாவில் எட்டு வயதுக் குழந்தை கொல்லப்பட்டபோது ஊடகங்கள் பெயரையும் படத்தையும் வெளியிட்டன. டெல்லி உயர்நீதிமன்றம் தானாகவே விடயத்தைக் கையிலெடுத்து, 12 ஊடக நிறுவனங்கள் தலைக்குப் பத்து லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தப் பணம் பாதிக்கப்பட்டோருக்கான நிதிக்குப் போனது. நிறுவனங்கள் மன்னிப்புக் கேட்டன. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தையை ஊடகங்கள் அடையாளம் காட்டுவதைத் தடுக்கும் போக்ஸோ சட்டத்தின் 23ஆம் பிரிவு அதற்குக் கை கொடுத்தது. இங்கே பலித்தது நீதிமன்றத்தின் பலம். பிரஸ் கவுன்சில் அதைச் செய்யவில்லை. செய்திருந்தாலும் கண்டனத்துக்கு மேல் போயிருக்க முடியாது. ஆனால் ஒன்று: முறைப்பாடு வராவிட்டாலும் தானாகவே விசாரணையைத் தொடங்கும் அதிகாரம் பிரஸ் கவுன்சிலுக்குச் சட்டப்படி உண்டு. முறைப்பாட்டை எதிர்பார்த்தே அமைந்த இலங்கை ஆணைக்குழு இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், மறுவாரம் பத்திரிகை நறுக்கோடு கொழும்புக்குக் கடிதம் எழுதுவாள் என்று எதிர்பார்ப்பதில் நியாயமில்லை.

கோவைகளை எழுதியவர்கள் கொழும்பிலும் டெல்லியிலும் இருப்பவர்கள் என்பது இன்னொரு இடத்திலும் தெரிகிறது. பெயரைச் சொல்லாவிட்டால் ஆளை மறைத்துவிட்டோம் என்று நகரத்து ஆசிரியர் நினைக்கிறார். 'இன்ன தோட்டம், மேல் பிரிவு, 14 வயது, தந்தை தொழிற்சாலையில் வேலை செய்பவர்' என்று எழுதினால் கொழும்பு வாசகருக்கு ஆள் தெரியாது. மேல் பிரிவிலோ நாலைந்து லயங்கள். பத்துக் காம்பராவுக்கு ஒரு பொதுச் சுவர். காலைப் பிரட்டுக்கு எல்லோரும் ஒரே இடத்தில் கூடுகிறார்கள். பிள்ளைகள் ஒரே பாடசாலைக்குப் போகிறார்கள். அங்கே பெயரை மறைத்த அந்த வரி, முகவரியோடு போட்ட படத்துக்குச் சமம். அந்தப் பிள்ளை மறுபடி பாடசாலைக்குப் போகாது. தோட்டச் செய்திகளில் பிரிவின் பெயரையே விட்டுவிட வேண்டும், மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு வரி கோவையில் சேர்ந்தால், மலையகத்துக்கு அது பல பயிற்சிப் பட்டறைகளைவிடப் பயன்படும். நீலகிரிக்கும் அதே வரி பொருந்தும்.

இன்னொரு சங்கடத்தைக் கோவை தீர்க்காது. கசிப்புச் சோதனையில் பிடிபட்டவர் என்று தவறான ஒருவரின் படம் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவர் முறையிடுகிறார். ஆணைக்குழு ஆசிரியரைக் கேட்கிறது, ஆசிரியர் ஹட்டன் நிருபரைக் கேட்கிறார். அந்த நிருபர் மாதச் சம்பளக்காரர் அல்ல, அச்சாகும் செய்திக்குக் கூலி வாங்குபவர். பொலிஸ் நிலையத்தோடும் தொழிற்சங்கக் காரியாலயத்தோடும் நல்லுறவு இல்லாமல் அவருக்குப் பிழைப்பில்லை. அவர் நேரே முறைப்பாட்டாளரின் தோட்டத் தலைவரிடம் போய்ப் பேசுவார். தலைவர் லயத்துக்கு வந்து, 'விடுப்பா, நம்மாளுதானே, பேப்பர்க்காரனோட நமக்கு எதுக்கு வம்பு' என்பார். முறைப்பாடு வாபஸாகும். கணக்கில் அது சமரசமாகத் தீர்ந்த பிணக்கு. நிருபரைப் பழி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழையிலும் மண்சரிவிலும் முதலில் போய் நிற்பவர் அவர்தான். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவில் புதைந்தபோதும் அந்தப் பக்கத்து நிருபர்கள் வழியாகத்தான் நாடு விவரம் அறிந்தது. அவருக்குச் சம்பளமும் பயிற்சியும் கொடுக்காத நிர்வாகம், ஆணைக்குழுவுக்குச் சந்தா கட்டுவதோடு தன் கடமை முடிந்தது என்று நினைக்கக்கூடாது.

முறைப்பாடுகள் வராததை வைத்துப் பத்திரிகைகள் மீது மக்களுக்குக் குறையில்லை என்று சொல்லிவிடலாம். மலையகத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1920களில் கோ. நடேசய்யர் 'தேசபக்தன்' நடத்தியபோது, தோட்டத் தொழிலாளி பற்றித் துரைமார் பக்கம் சொன்னதற்கு மறுசொல் வைக்கத் தனிப் பத்திரிகையே தேவைப்பட்டது. துணி வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் போனார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். பின்னர் 1936இல் ஹட்டன் தொகுதியிலிருந்தே அரசாங்க சபைக்குத் தெரிவானார். அச்சில் வந்த தம்மைப் பற்றிய சொல்லை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் இந்த மக்களிடம் நூறு வருடமாக இருக்கிறது.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. 'தி இந்து' 2006இல் வாசகர்களின் குறை கேட்கவென்றே ஓர் ஆசிரியரை நியமித்து, திருத்தங்களுக்கு நிலையான இடம் ஒதுக்கியது. இலங்கையின் தமிழ் நாளிதழ்கள் அதைப் பின்பற்றலாம். தனியாள் நியமிக்க வசதியில்லாவிட்டால், வெளியீட்டாளர் விவரம் அச்சாகும் கட்டத்துக்குக் கீழே இரண்டு வரி போதும்: இந்தப் பத்திரிகை மீது குறை இருந்தால் முறைப்பாட்டு ஆணைக்குழுவுக்குத் தமிழில் எழுதுங்கள், கட்டணம் இல்லை, முகவரி இது. முன்பக்கத்தில் வந்த தவறுக்கு முன்பக்கத்திலேயே திருத்தம் என்பதையும் விதியாக்க வேண்டும். ஞாயிறு பேப்பரை டவுன் சலூனில் பார்த்துவிட்டுப் போகிறவர் ஏழாம் பக்கத்து நாலு வரியைப் பார்க்கப் போவதில்லை. தொழிற்சங்கமோ ஆசிரியர் சங்கமோ மாதர் அமைப்போ பாதிக்கப்பட்டவருக்காக முறையிட ஆணைக்குழு வழிவிட வேண்டும். நறுக்கைக் கேட்டுத் திருப்பியனுப்பவும் கூடாது; தோட்டத்தில் காலைப் பேப்பர் மாலைக்குள் ரொட்டி சுற்றிப் போய்விடும், திகதியைச் சொன்னால் பிரதியை எடுப்பது கொழும்பிலுள்ளவர்களுக்கு ஐந்து நிமிட வேலை.