முப்பத்தோராம் நாளும் கல்லறைத் திருநாளும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கத் தமிழர் ஒருவர் இறந்தால் உடலை மலர்ச்சாலைக்குக் கொண்டுபோய்ப் பதப்படுத்துவார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேரும்வரை பெட்டி திறந்தபடி இருக்கும். தெருவில் வெள்ளைக்கொடி தொங்கும். பத்திரிகையில் மரண அறிவித்தல் வரும். அடக்கம் முடிந்த கையோடு உறவுக்காரர் கேட்பது ஒன்றைத்தான்: "முப்பத்தொண்டு எப்ப?" அன்று காலையில் திருப்பலி, பிறகு மதிய போசனம், வந்தவர் கையில் ஒரு நினைவு மலர்.

தூத்துக்குடியில் அதே செத்தவீட்டுக்கு ஃப்ரீசர் பெட்டி வாடகைக்கு வரும். பெரும்பாலும் மறுநாளே அடக்கம் முடிந்துவிடும். ஏழாம் நாள், பதினாறாம் நாள், முப்பதாம் நாள் பூசைகள் அங்கும் உண்டு. ஆனாலும் இறந்தவர்களை ஊரே கூடி நினைக்கும் நாள் நவம்பர் 2, கல்லறைத் திருநாள்.

இரு கரையிலும் ஒரே திருச்சபை, ஒரே வேதாகமம். கொழும்புப் பரதர் குடும்பங்களுக்குப் பூர்வீகமே தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைதான். 1542இல் அந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் சிறுவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்த விசுவாசப் பிரமாணம், உடல் உயிர்த்தெழும் என்பதோடும் முடிவில்லாத வாழ்வோடும்தான் நிறைவுபெறுகிறது. அப்படியிருக்க, ஒரு கரை நாளையும் மறுகரை கல்லறையையும் பிடித்துக்கொண்டது ஏன்? பாதிக் காரணம் வேதாகமத்திலேயே இருக்கிறது. மீதி, இந்த மக்கள் பட்ட பாட்டில் இருக்கிறது.

வேதத்தில் ஓடும் இரண்டு இழைகள்

மரணத்துக்குப் பின் என்ன என்று பழைய ஏற்பாட்டிடம் கேட்டால் நீண்ட பதில் கிடைக்காது. நல்லவரும் கெட்டவரும் ஒன்றாகப் போய்ச் சேரும் பாதாளத்தைத்தான் அதன் பெரும்பகுதி அறியும். மண்ணில் தூங்குகிறவர்கள் ஒருநாள் எழும்புவார்கள், சிலர் வாழ்வுக்கும் சிலர் இகழ்ச்சிக்கும், என்று தெளிவாகப் பேசுவது தானியேல் நூலின் 12ஆம் அதிகாரம்.

புதிய ஏற்பாட்டில் பதில் இரண்டு இழையாக ஓடுகிறது. சிலுவையில் தொங்கிய கள்வனுக்கு இயேசு அன்றைக்கே பேரின்ப வீட்டை வாக்களித்தார் என்கிறது லூக்கா நற்செய்தி. உலகை விட்டுப் போய்க் கிறிஸ்துவோடு இருப்பதே மேல் என்று பிலிப்பியருக்கு எழுதுகிறார் பவுல். இந்த இழையில் காத்திருப்பே இல்லை. இறந்தவர் இறைவனிடம் இருக்கிறார். அதே பவுல், தெசலோனிக்கருக்கு எழுதும்போது இறந்தவர்களைத் தூங்குகிறவர்கள் என்கிறார்; எக்காளம் ஒலிக்கும், அவர்கள்தான் முதலில் எழுவார்கள் என்கிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 15ஆம் அதிகாரத்தில் உடல் விதையாகிறது. புதைக்கப்பட்டதே வேறு மகிமையோடு முளைக்கிறது. திருவெளிப்பாடு நூலின் முடிவில் மனிதர் வானத்துக்கு ஏறிப்போவதில்லை. புதிய எருசலேம் நகரம்தான் கீழே இறங்கி வருகிறது.

திருச்சபை இரண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. இறந்தவுடன் தனித் தீர்ப்பு, உலக முடிவில் பொதுத் தீர்ப்பு என்று சேர்த்துப் பிடித்தது. இடையில் உத்தரிக்கிற ஸ்தலம். போரில் இறந்த வீரர்களின் பாவம் நீங்க யூதா மக்கபே காணிக்கை திரட்டி எருசலேமுக்கு அனுப்பியதைச் சொல்லும் மக்கபேயர் இரண்டாம் நூலின் 12ஆம் அதிகாரம் அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிறது. 1563இல் திரிதெந்தின் சங்கம் அந்தப் போதனையை மீண்டும் உறுதிசெய்தது. அந்த நூலையே வேதாகமத்தில் சேர்க்காத புரட்டஸ்தாந்து சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தையும் ஏற்கவில்லை. அதனால் வெள்ளவத்தை மெதடிஸ்த சபையிலோ திருநெல்வேலி சி.எஸ்.ஐ. சபையிலோ நடக்கும் நினைவுக் கூட்டம், இறந்தவரின் வாழ்வுக்காக நன்றி சொல்வதோடு நின்றுவிடும். ஆன்ம இளைப்பாற்றிக்குப் பூசை ஒப்புக்கொடுக்கும் வழக்கம் கத்தோலிக்கருடையது.

கல்லறையைப் பிடித்த கரை

தமிழ்நாட்டுக் கல்லறைத் திருநாளை அக்டோபர் கடைசியிலேயே பார்க்கத் தொடங்கலாம். வடகிழக்குப் பருவமழையில் கல்லறைத் தோட்டம் முழுக்கப் புல் முளைத்திருக்கும். குடும்பத்தோடு போய்ச் செதுக்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சிலுவையில் அழிந்துபோன பெயருக்குக் கறுப்பு மையைத் திரும்ப ஏற்றுவார்கள். நவம்பர் 2 அன்று செவ்வந்தி மாலை, மெழுகுதிரி, ஊதுவத்தி. தோட்டத்திலேயே பூசை. முடிந்ததும் குருவானவர் வரிசை வரிசையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டு போவார். காற்றில் திரி அணைந்தால் பக்கத்துக் கல்லறைத் திரியில் பற்றவைத்துக்கொள்வார்கள். அது யாருடைய கல்லறை என்று யாரும் கேட்பதில்லை.

இது தூக்கத்தின் இழை. இறந்தவர் இந்த மண்ணில் இருக்கிறார், இங்கிருந்தே எழுவார். சென்னையில் இட நெருக்கடி வந்த பிறகும் பிடி விடவில்லை. கீழ்ப்பாக்கம், காசிமேடு கல்லறைத் தோட்டங்களில் புதிய குழிக்கு இடம் அருகிப்போனதால் பழைய குடும்பக் கல்லறையையே திறந்து அதில் அடக்குகிறார்கள். தாத்தாவின் குழியில் பேரன் இறங்குகிறான். குடும்பம் அங்கேயே இருந்ததால் இது முடிகிறது.

நாளைப் பிடித்த கரை

கொழும்பிலும் நவம்பரில் மாதம்பிட்டி மயானம், பொரளை கனத்தை ஆகிய இடங்களில் கல்லறைகள் ஆசீர்வதிக்கப்படுகின்றன. கொட்டாஞ்சேனையின் பழைய குடும்பங்கள் அங்கே போகின்றன. ஆனால் வெள்ளவத்தையின் கதை வேறு. அங்கே வாழும் யாழ்ப்பாணக் குடும்பங்களுக்குத் தாத்தா பாட்டியின் கல்லறை வடக்கில், பிள்ளைகள் ரொறன்ரோவில். 1990இல் போரால் வலிகாமம் வடக்கு காலியானபோது தேவாலயங்களோடு சேமக்காலைகளும், அதாவது கல்லறைத் தோட்டங்களும், இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. அந்தக் காணிகளில் ஒரு பகுதி மக்களிடம் திரும்பவே கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது. 2009இல் போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் இறந்த எத்தனையோ பேருக்குக் கல்லறை என்று ஒன்று இல்லவே இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாருக்கு இறந்த திகதிகூடக் கிடையாது.

போய் நிற்க இடம் இல்லாதவர்களுக்கு நாள்காட்டிதான் மிஞ்சும். 31ஆம் நாள், ஆண்டுத் திருப்பலி, பத்திரிகையில் படத்தோடு நினைவஞ்சலி: இவற்றை எந்த ஊரிலிருந்தும் செய்யலாம். வெள்ளவத்தை புனித லோரன்ஸ் ஆலயத்தில் பூசை ஒப்புக்கொடுக்கும் மகளும், அதே நாளில் ஸ்காபரோவில் ஒப்புக்கொடுக்கும் மகனும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இது கள்வனுக்குக் கிடைத்த வாக்குறுதியின் இழை. இறந்தவர் இறைவனிடம் இருக்கிறார். ஆகவே எங்கிருந்தும் அவர் தூரமில்லை.

இதற்காகக் கொழும்புக்காரர் உடலை மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. எகிப்தில் இறந்த யாக்கோபின் உடலைப் பதப்படுத்திக் கானானுக்குக் கொண்டுபோனதாகத் தொடக்கநூல் சொல்கிறது; யோசேப்பு தன் எலும்புகளைச் சொந்த நாட்டுக்கு எடுத்துப்போகும்படி ஆணையிட்டுக் கேட்டார். கொழும்பில் ஒல்லாந்த ஆளுநர்களுக்கும் அப்படி நடந்தது. கோட்டைக்குள் இருந்த பழைய ஆலயத்தில் அடக்கப்பட்டிருந்த அவர்களின் எச்சங்கள் 1813இல் கொட்டாஞ்சேனைப் பக்கத்து வுல்பெண்டால் தேவாலயத்துக்கு மாற்றப்பட்டன. அதிகாரத்தில் இருந்தவர்களின் எலும்பை எடுத்துப்போக முடிந்தது. அகதியாக வந்தவரால் அது முடியவில்லை.

31 எங்கிருந்து வந்தது?

வேதாகமத்தில் துக்க நாள்களுக்குக் கணக்கு உண்டு. யாக்கோபுக்காக யோசேப்பு ஏழு நாள் புலம்பினார். ஆரோனுக்காகவும் மோசேக்காகவும் இஸ்ரயேலர் முப்பது நாள் அழுதார்கள். மூன்று, ஏழு, முப்பது என்ற உரோமைத் திருச்சபையின் பூசை நாள்களும் இவற்றையொட்டியே வந்தன. முப்பது கொழும்பில் முப்பத்தொன்றானதற்குச் சைவ அயலவரே காரணம் என்று எனக்குப் படுகிறது. ஈழத்துச் சைவ வீட்டில் அந்தியேட்டிச் சடங்கு நடப்பது 31ஆம் நாளில். தமிழ்நாட்டில் இந்துக்களின் காரியம் பதினாறாம் நாள் என்பதால் கிறிஸ்தவர் பூசையும் ஜெபக்கூட்டமும் பதினாறில் விழுகின்றன. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் நாற்பதையோ நாற்பத்தொன்றையோ எண்ணுகிறார்கள். கொழும்பில் பௌத்த அயலும் சேர்ந்துகொள்கிறது. இறந்தவர் பெயரால் பிறருக்கு அன்னம் கொடுக்கும் தானத்தைப் பார்த்துப் பழகிய கத்தோலிக்கர், முதியோர் இல்லத்துக்கோ அநாதைப் பிள்ளைகள் விடுதிக்கோ ஒருவேளைச் சாப்பாடு கொடுக்கிறார்கள்.

இதைக் கலப்படம் என்று கண்டிக்கும் போதகர்கள் இரு நாட்டிலும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வேதத்தில் உள்ள நாள் கணக்கு அழுகிறவர்களுக்கானது. இறந்தவர் எத்தனையாம் நாள் எங்கே போகிறார் என்ற கால அட்டவணை அதில் இல்லை. அழுகைக்கு எல்லை போடும் நாள் பதினாறாக இருந்தால் என்ன, முப்பத்தொன்றாக இருந்தால் என்ன?

நரகம் யாருக்கு?

இரு கரை மரண அறிவித்தல்களையும் படித்தால் ஒன்று புரியும். நரகத்துக்குப் போனவர் எவருமில்லை. எல்லோரும் இறைவனடி சேர்ந்தவர்கள், கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்கள். நரகம் பிரசங்கத்தில் மட்டும் வரும், அதுவும் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்காக.

இயேசு நரகத்தைப் பற்றிப் பேசிய இடங்களைப் பார்த்தால் இந்தப் பழக்கம் அவ்வளவு தவறில்லை. எருசலேமுக்குத் தெற்கே இருந்த இன்னோம் பள்ளத்தாக்கை அவர் உவமையாக எடுத்தது கேட்பவரை உலுக்கத்தான். லூக்கா 16இல் நெருப்பில் வேகும் செல்வந்தன் கொலைகாரனோ வேற்று மதத்தவனோ இல்லை. வாசலில் கிடந்த இலாசர் தினம் பசியோடு இருக்க, தினம் விருந்து உண்டவன். மத்தேயு 25இல் செம்மறிகளையும் வெள்ளாடுகளையும் பிரிக்கும் அரசர் கேட்பதும் சோறு, தண்ணீர், உடை, நோயாளி, சிறையாளி பற்றித்தான்.

உடலுக்காகப் போராடிய ஆண்டு

2020இல் இரு கரையும் ஒரே கேள்விக்கு முகம்கொடுத்தன. கொரோனாவில் இறந்த எல்லோரையும் எரித்தே ஆகவேண்டும் என்றது இலங்கை அரசு. முஸ்லிம்களோடு கிறிஸ்தவர்களும் உச்ச நீதிமன்றம் போனார்கள். டிசம்பர் 1 அன்று மனுக்கள் தள்ளுபடியாயின. 2021 பெப்ரவரியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. சென்னையில் அரசு தடுக்கவில்லை, அக்கம்பக்கத்தவர் தடுத்தார்கள். 2020 ஏப்ரலில் தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலைக் கீழ்ப்பாக்கத்தில் அடக்க எதிர்ப்பு எழுந்ததால் வேலங்காட்டுக்குக் கொண்டுபோனவர்கள், அங்கே கல்லால் அடித்து விரட்டப்பட்டார்கள். நள்ளிரவில் திரும்பப் போய் அங்கேயே குழி தோண்டிப் புதைத்தார் அவருடைய மருத்துவ நண்பர். கீழ்ப்பாக்கத்திலேயே அடக்கவேண்டும் என்று மனைவி நீதிமன்றம் வரை போனார்.

தகனத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963இலேயே அனுமதித்துவிட்டது. சாம்பலையும் எழுப்பக் கடவுளால் முடியும் என்பதில் விசுவாசிக்குச் சந்தேகம் கிடையாது. ஆனாலும் குடும்பங்கள் குழிக்காகப் போராடின. நாளைப் பிடித்த கொழும்புக்கும் உடல் வேண்டியிருந்தது என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது. இரண்டு இழையில் ஒன்றைக் கைவிட்டு மற்றதில் மட்டும் தொங்க எந்தக் கரையாலும் முடியாது.

போசன மேசையில் யார்?

கொழும்பு தமிழ்நாட்டிடமிருந்து ஆண்டுக்கு ஒருமுறை கல்லறைக்குப் போய்ப் புல் செதுக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு கொழும்பிடமிருந்து, குழி இல்லாதவர்களையும் பெயர் சொல்லி நினைக்கும் வழியை எடுத்துக்கொள்ளலாம். இவற்றைவிட முக்கியமான ஒன்று இரண்டுக்கும் பொது. லூக்கா 14இல் இயேசு விருந்தையும் உயிர்த்தெழுதலையும் நேராக முடிச்சுப் போடுகிறார். உறவினரையும் வசதியான அயலவரையும் கூப்பிடாதே, அவர்கள் திருப்பிக் கூப்பிட்டுவிடுவார்கள். ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் கூப்பிடு, அதற்கான கைம்மாறு நீதிமான்கள் உயிர்த்தெழும்போது கிடைக்கும் என்பது அவர் பேச்சின் சாரம்.

நம் முப்பத்தோராம் நாள் போசனத்தை இதோடு ஒப்பிட்டால் நாம் எங்கே நிற்கிறோம் என்று தெரியும். மண்டபத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அடுத்த முப்பத்தொன்றுக்கு நம்மைக் கூப்பிடப் போகிறவர்கள். முதியோர் இல்லத்துக்குப் போகும் சாப்பாடு நல்லதுதான். ஆனால் அது வேனில் போகிறது, அவர்கள் நம் மேசைக்கு வருவதில்லை. தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்ட வாசலில் உட்கார்ந்திருப்பவருக்குப் பொட்டலம் கையில் கிடைக்கிறது. பூசைக்குள் அவருக்கு நாற்காலி கிடையாது. இறந்தவர் எங்கே இருக்கிறார் என்ற கேள்விக்கு வேதம் சுருக்கமாகவே பதில் சொல்கிறது. அவர் பெயரால் போடும் சாப்பாட்டுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதில் அதற்குத் தயக்கமே இல்லை. அடுத்த முப்பத்தொன்றுக்கு அழைப்புப் பட்டியல் எழுதும்போது, திருப்பிக் கூப்பிட வழியில்லாத பத்துப் பேரையாவது அதில் முதலில் எழுதலாம்.